அத்தியாயம் 5: பழைய டோபோ ஷீட்டை வைத்து மலைப்பாதை தேடுவது

வேலூர் சத்துவாச்சாரியில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் தெற்கே பாறையும் புதருமாக மலை நிற்கும். அந்த வரிசையின் மேல் பழைய மலைக்கோட்டைகள் இருக்கின்றன. 1677-78இல் வேலூர்க் கோட்டையை முற்றுகையிட்ட மராட்டியர்கள் இந்தக் குன்றுகளுக்குச் சஜ்ரா, கோஜ்ரா என்று பெயர் வைத்தார்கள். மேலே படை இருந்தது என்றால் அரிசி ஏறியிருக்கும், விறகு ஏறியிருக்கும், ஆளும் ஏறி இறங்கியிருப்பான். அத்தனையும் போக ஒரு வழி இருந்திருக்க வேண்டும். இன்று கீழே நின்று பார்த்தால் அந்த வழி கண்ணுக்குத் தெரியாது. பழைய வரைபடத்தில் தேடினால் அதன் நுனி கிடைக்கலாம்.

இப்படிப்பட்ட தடங்களைக் காகிதத்தில் கண்டுபிடித்து, தரையில் சரிபார்த்து, பத்திரமாக வீடு திரும்பும் முறை இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வையுங்கள்.

விதி: டோபோ ஷீட்டில், அதாவது நில அமைப்பு வரைபடத் தாளில், உள்ள ஒற்றையடிப் பாதை பொழுதுபோக்காக நடப்பவருக்குப் போட்டதல்ல. யாரோ எதையோ சுமந்து போன தடம் அது. என்ன சுமை, எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்தால் பாதை பிடிபடும். அது தெரியாமல் தாளில் வரைந்த கோடு ஒன்றையே நம்பிப் போனால் முள்ளில் போய் நிற்பீர்கள்.

## தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அந்த வேலை மேற்கே நகர்ந்தபோது நம் பக்கத்து உச்சிகளும் அதில் நிலையங்களாயின. கருங்குழியும், ஜவ்வாது மலைப் பக்கத்தில் அவர் கர்நாட்டிகர் என்று எழுதிய மலையும் அவருடைய கணக்கில் வருகின்றன. தாளில் உச்சியில் தெரியும் சிறு முக்கோணக் குறி இந்த அளவை மரபிலிருந்து வந்தது.

இன்று நமக்குப் பயன்படும் பழைய தாள்கள் 1905க்குப் பிறகு இந்திய நில அளவைத் துறை, அதாவது சர்வே ஆஃப் இந்தியா, வண்ணத்தில் அச்சிட்டவை. ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலத்தில் காட்டும் இந்தத் தாள்களை ‘ஒன் இஞ்ச் ஷீட்’ என்பார்கள். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியதும் 1:50,000 தாள் வந்தது. அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

## தேவையானவை

- பழைய ஒன் இஞ்ச் தாளின் நல்ல நகல் ஒன்று, புதிய 1:50,000 தாள் ஒன்று
- கணினியில் கியூஜிஐஎஸ் மென்பொருள் (இலவசம்)
- காந்த ஊசி உள்ள சாதாரண திசைகாட்டி
- செருப்புத் தைக்கும் மெழுகு நூல் ஒரு முழம். ஆம்பூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வளைந்த பாதையை அளக்க இது நல்ல கருவி. சாதாரண நூல் இழுத்தால் நீளும், மெழுகு நூல் நீளாது.
- பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம், வியர்வை பட்டால் மை கரையும்.
- தாளைப் போட ஜிப் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் உறை

## படி 1: தாளின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஊர்ப் பெயரைச் சொல்லித் தாள் கேட்டால் கிடைக்காது, எண் வேண்டும்.

1. நம் பகுதி 57 என்ற பெரிய சதுரத்தில் வருகிறது. அது வடக்கு அட்சம் 12 முதல் 16 பாகை, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 பாகை வரை.
2. அதை ஒரு பாகைச் சதுரங்களாகப் பதினாறாகப் பிரித்து, ஆங்கில எழுத்து வரிசையில் பெயரிட்டிருக்கிறார்கள். வரிசை இடப்பக்க மேல்மூலையில் தொடங்கிக் கீழே இறங்கும். பிறகு அடுத்த பத்தியின் தலைக்கு ஏறும்.
3. ஒவ்வொரு பாகைச் சதுரத்தையும் அதே போக்கில் மறுபடி பதினாறாகப் பிரித்து 1 முதல் 16 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 15 கலை அகலம், 15 கலை உயரம்.

நம் பக்கத்துத் தாள்கள் இவை:

- 57 பி/1: சத்துவாச்சாரி, வேலூர்
- 57 பி/2: அதற்கு நேர் தெற்கே. அமிர்தி பக்கம் போகிறவர்கள் இரண்டு தாளையும் வைத்திருங்கள்; எல்லைக்கோடு அருகிலேயே போகிறது.
- 57 எல்/13: பள்ளிகொண்டா, குடியாத்தம்
- 57 எல்/9: ஆம்பூர், பேரணாம்பட்டு
- 57 எல்/10: வாணியம்பாடி, ஏலகிரி
- 57 எல்/14: ஜமுனாமரத்தூர், காவலூர்

கவனம்: இங்கே ‘பி’ என்பது ஆங்கில வரிசையில் பதினாறாவது எழுத்து, இரண்டாவது எழுத்தல்ல. தொலைபேசியில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாறிப்போனால் கர்நாடகத்துச் சித்ரதுர்கா பக்கத்துத் தாள் கைக்கு வந்துசேரும்.

## படி 2: தாளைப் பெறுங்கள்

புதிய தாள்: 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கு என்று தனி வரிசை ஒன்றைப் பிரித்தது. 2017 முதல் அந்த வரிசையின் தாள்களைச் சர்வே ஆஃப் இந்தியா இணையம் வழி தருகிறது. இதில் எண் வேறு மாதிரி இருக்கும். நம் பகுதித் தாள்கள் ‘டி 44’ என்று தொடங்கும். எண் குழப்பினால் அட்ச, தீர்க்கத்தை வைத்துத் தேடுங்கள்.

பழைய தாள்: மூன்று இடங்களில் முயலுங்கள்.

1. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆய்வாளராக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். போகும் முன் நகல் எடுக்கும் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. புவியியல் துறை உள்ள பழைய கல்லூரிகள். மாணவர்களுக்குப் பாடம் நடத்த வாங்கிய ஒன் இஞ்ச் தாள்கள் பீரோவுக்குள் சுருட்டிக் கிடக்கும்.
3. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் சர்வே ஆஃப் இந்தியா தாள்களை ஆதாரமாகக் கொண்டு வெளியிட்ட 1:250,000 வரிசை. டெக்ஸஸ் பல்கலைக்கழக நூலகம் இதை இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. வேலூரும் ஆம்பூரும் ‘என்டி 44-13’ தாளில் ஒன்றாக வரும். ஒற்றையடிப் பாதைக்கு இந்த அளவு போதாது. மலைத்தொடரின் மொத்தப் போக்கைப் பிடிக்க உதவும்.

குறிப்பு: எழுத்து ஆவணம் தேடினால் மாவட்ட எல்லையை மறக்காதீர்கள். திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. எனவே ஏலகிரி பற்றிய பழைய செய்திக்கு சேலம் மேனுவலைப் (லெ ஃபானு, 1883) புரட்ட வேண்டும். வேலூர், ஆம்பூர் பக்கத்துக்கு காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மேனுவல் (1881).

## படி 3: தாளின் வயதைப் பாருங்கள்

தாளின் ஓரக் குறிப்புகளைப் படிக்காமல் நடுவுக்குப் போகாதீர்கள். அங்கே இரண்டு வகை ஆண்டுகள் இருக்கும்: களத்தில் அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு. நமக்கு வேண்டியது முதலாவது. முப்பது வருடம் முன்பு அளந்ததையே மறுபடி அச்சிட்டிருப்பார்கள். அச்சு ஆண்டைப் பார்த்து ‘அப்போதும் பாதை இருந்தது’ என்று முடிவு கட்டுவது முதல் தவறு.

ஓரம் கிழிந்து ஆண்டு போயிருந்தால் உள்ளே உள்ளவற்றை வைத்து மதிப்பிடுங்கள். காவலூரில் வானாய்வகப் பணி 1968இல் தொடங்கியது. 57 எல்/14 தாளில் அது இல்லை என்றால் அளவை அதற்கு முந்தியது. ஏலகிரியில் கொண்டை ஊசி வளைவுச் சாலை இல்லாமல் ஒற்றையடிப் பாதைகள் மட்டும் ஏறுகின்றனவா? அதுவும் பழைய தாள்தான்.

பெயர்களைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள். ஜவ்வாது ‘ஜவாடி’ ஆகியிருக்கும். துருகம் ‘ட்ரூக்’ ஆகியிருக்கும். உச்சரித்தால் ஊர் தெரிந்துவிடும்.

## படி 4: நகலைச் சோதியுங்கள்

ஜெராக்ஸ் இயந்திரம் தாளைச் சுருக்கும் அல்லது ஒரு பக்கமாக இழுக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. நம் அட்சத்தில் 15 கலை உயரம் என்பது ஏறத்தாழ 27.66 கி.மீ. எனவே:

- ஒன் இஞ்ச் தாளில் உள்சட்டத்தின் உயரம் 43.7 செ.மீ. அளவில் இருக்க வேண்டும்.
- 1:50,000 தாளில் 55.3 செ.மீ. அளவில் இருக்க வேண்டும்.

உங்கள் நகலில் 42 செ.மீ. வந்தால், அளவுகோலை வைத்து அளக்கும் ஒவ்வொரு தூரமும் தப்பாகவே வரும். அந்த நகலை ஓரமாக வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் ஓரங்கள் வளையும். தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். மூலத் தாளை லாமினேட் செய்யாதீர்கள். துணி ஒட்டிய பழைய தாள் என்றால் மடிப்பை எதிர்ப்பக்கமாக மடிக்காதீர்கள். அதே இடத்தில் கிழியும்.

## படி 5: பழையதைப் புதியதன் மேல் பொருத்துங்கள்

பழைய தாள் எவரெஸ்ட் 1830 என்ற பூமி உருவக் கணக்கில் போட்டது. உங்கள் கைப்பேசி வேறு கணக்கில் இடம் காட்டுகிறது. இரண்டுக்கும் நம் பகுதியில் ஏறத்தாழ 200 மீட்டர் இடைவெளி வரும். தாளில் உள்ள அட்ச, தீர்க்கத்தை அப்படியே கைப்பேசியில் தட்டினால் பாதை பக்கத்துப் பள்ளத்தில் போய் விழும். அதனால் அடையாளப் புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள்.

1. கியூஜிஐஎஸ்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ‘ஜியோரெஃபரன்ஸர்’ கருவியில் ஸ்கேனை ஏற்றுங்கள்.
2. இரண்டிலும் நிச்சயமாக ஒன்றே என்று சொல்லக்கூடிய ஆறு முதல் எட்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தாளின் நான்கு மூலைப் பக்கமும் பரவி இருக்கட்டும்.
3. ஒவ்வோர் இடத்தையும் முதலில் பழைய தாளில், பிறகு செயற்கைக்கோள் படத்தில் சொடுக்குங்கள்.
4. பிழை அட்டவணையைப் பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலகினால் அந்த இடத்தைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். நீக்குங்கள்.
5. சேமித்து, வலை இல்லாமல் வேலை செய்யும் வரைபடச் செயலிக்கு மாற்றிக் கைப்பேசியில் ஏற்றுங்கள்.

நம்பலாம்: வேலூர்க் கோட்டையின் மூலைக் கொத்தளங்கள், பழைய கோயில் கோபுரம், ரயில் பாதையின் வளைவு, ஏரிக்கரையின் முனை, முக்கோணக் குறியுள்ள உச்சி.

நம்பக்கூடாது: பாலாற்றின் கரை, ஏரியின் நீர் விளிம்பு, அகலப்படுத்திய தேசிய நெடுஞ்சாலையின் சந்திப்பு. ஆறு இடம் மாறும், ஏரி சுருங்கும், சாலை நகரும்.

## படி 6: பாதையின் சுமையைக் கண்டுபிடியுங்கள்

இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தப் படிதான்.

சில வருடம் முன்பு ஜவ்வாது மலையில் ஒரு பொதிப்பாதையைத் தாளில் பார்த்துவிட்டு, அனுமதி வாங்கி, வனக்காவலர் ஒருவருடன் இறங்கினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் கோடும் தரையும் ஒட்டியே வந்தன. ஒரு கானாற்றைத் தாண்டியதும் தடம் உண்ணிச்செடிக்குள் புகுந்தது. பத்தடி போனோம். சட்டை கிழிந்தது. அதற்கு மேல் வழி இல்லை. திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது, தாளை எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

“இன்னா தம்பி, அந்த வழியா போனீங்க? அது கடுக்கா மூட்டை எறங்குன வழி. மூட்டை நின்னுச்சு, வழியும் நின்னுபோச்சு.”

“அப்போ இப்ப ஜனங்க எப்படிக் கீழ எறங்குறாங்க?”

“பஸ்ஸுலதான். வேற எப்படி?”

விஷயம் அதில்தான் இருந்தது. குரோம் வருவதற்கு முன், தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளுக்கு அவை சுற்றுவட்டக் காடுகளிலிருந்து இறங்கின. குரோம் பரவியதும் அந்தத் தேவை குறைந்தது, சுமை குறைந்தது, கால் படாத தடத்தைச் செடி மூடியது. அதே மலையில் சாமி கும்பிடப் போகும் வழிகள் இன்றும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கின்றன. சாமி கும்பிடப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்களே.

எனவே ஒவ்வொரு பாதைக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டு விடையைப் பென்சிலில் ஓரத்தில் எழுதுங்கள்:

1. இரண்டு முனைகளிலும் என்ன இருக்கிறது? மலை கிராமத்துக்கும் சந்தை ஊருக்கும் இடையே என்றால் அது சந்தைப் பாதை. காப்புக்காட்டுக்குள் போய்ச் சட்டென்று முடிந்தால் விறகு, பட்டை, கடுக்காய் எடுத்த வழி. உச்சியில் முடிந்தால் கோயில், தர்கா, கோட்டை, அளவை நிலையம் இவற்றில் ஒன்று.
2. என்ன குறி? வண்டிப்பாதை, பொதிப்பாதை, ஒற்றையடிப் பாதை மூன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் அந்தந்தத் தாளின் குறி விளக்கத்தையே பாருங்கள். மாடு பொதி சுமந்து போன வழி செங்குத்தாக ஏறாது. வளைந்து வளைந்துதான் போகும். தடம் அழிந்திருந்தாலும் அந்த வளைவு தரையில் திட்டாகத் தெரியும்.
3. தண்ணீர் எங்கே? சுமைக்காரன் தண்ணீர் இல்லாத வழியில் போகமாட்டான். கிணறு, சுனை, ஓடை எந்த இடத்தில் பாதையைத் தொடுகிறது என்று வட்டமிடுங்கள். அந்த இடங்களில் தடம் மற்ற இடங்களைவிட நன்றாக மிஞ்சியிருக்கும்.
4. இன்றும் அந்தச் சுமை போகிறதா? இதற்கு விடை தாளில் இல்லை. ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ‘இந்தப் பாதை எங்கே போகுது?’ என்று கேட்டால் ‘அந்தாண்ட போகும்’ என்பார்கள். ‘அந்தக் காலத்தில் இதில் என்ன எடுத்துப் போவாங்க?’ என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

குறிப்பு: பாட்டிமார்களிடம் கட்டாயம் கேளுங்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் பெரும்பாலும் நடந்தவர்கள் அவர்கள்தான். ஆண்கள் சொல்லாத குறுக்குவழி அவர்களுக்குத் தெரியும்.

## படி 7: ஏற்றத்தையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

பழுப்பு நிற சம உயரக்கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. 1:50,000 தாளில் இரண்டு கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர். ஒன் இஞ்ச் தாளில் 50 அடி. எதற்கும் ஓரக் குறிப்பில் உறுதி செய்யுங்கள்.

1:50,000 தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி என்றால், 50 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுகிறீர்கள். மூச்சு வாங்கும், நடக்கலாம். அரை மி.மீ. என்றால் 25 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம். கை ஊன்றாமல் ஏற முடியாது. புதியவர்கள் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு போதும்: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். நம் வெயிலுக்கும் முள்ளுக்கும் அதை ஒன்றரையால் பெருக்குங்கள்.

எடுத்துக்காட்டு: மெழுகு நூலைப் பாதை மேல் வளைத்து வைத்து அளந்தால் 9 செ.மீ. வருகிறது. அதாவது 4.5 கி.மீ.; நடக்க 54 நிமிடம். கடக்கும் சம உயரக்கோடுகள் 18. ஏற்றம் 360 மீட்டர். அதற்கு 36 நிமிடம். கூட்டினால் 90 நிமிடம். ஒன்றரையால் பெருக்கினால் 2 மணி 15 நிமிடம், ஏறுவதற்கு மட்டும்.

## படி 8: அனுமதி வாங்குங்கள்

தாளில் பச்சை வண்ணமோ காப்புக்காடு என்ற எழுத்தோ இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

1. பாதை எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று கேட்டு, மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பியுங்கள். நாள், ஆட்கள் பெயர், பாதை வரைந்த நகல் மூன்றையும் இணையுங்கள்.
2. 2024இல் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் உங்கள் பக்கத்துப் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியுடன் போகலாம்.
3. மறுத்தால் வாதாடாதீர்கள். சந்தனமும் செம்மரமும் கடத்தப்படும் பகுதி இது. பழைய வரைபடத்தோடு திரியும் அந்நியரைக் காவலர் சந்தேகப்படுவது அவர் வேலை.

## படி 9: தரையில் சரிபாருங்கள்

1. புறப்படும் இடத்தில் திசைகாட்டியை வைத்துத் தாளை வடக்கு நோக்கித் திருப்புங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் இப்போது இரண்டு பாகைக்குள்தான் வேறுபாடு. ஒரு நாள் நடைக்கு அதை விட்டுவிடலாம்.
2. தெரிந்த இரண்டு அடையாளங்களைப் பார்த்து, தாளில் விரல் வைத்து, ‘நான் இங்கே நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.
3. ஒவ்வொரு பிரிவிலும் ஓடைக் கடப்பிலும் நில்லுங்கள். திரும்பி, வந்த வழியைப் பாருங்கள். இறங்கும்போது அந்த முகம்தான் தெரியும்.
4. தேய்ந்த பாறை, அடுக்கிய கல், இருபுறமும் உயர்ந்து நடுவில் பள்ளமான மண் ஆகியவை பழைய தடத்தின் அடையாளம். ஆட்டுத்தடம் புதருக்கு அடியில் நுழையும், மனிதத்தடம் நுழையாது.
5. தடம் தொலைந்தால் 50 மீட்டருக்கு மேல் துழாவாதீர்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- அடியை மீட்டராகப் படிப்பது. பழைய தாளில் உயரம் அடியில். 3,000 என்று இருந்தால் அது ஏறத்தாழ 914 மீட்டர்.
- கெஜக் கட்டத்தைக் கிலோமீட்டராக எண்ணுவது. பழைய தாள்களில் கட்டம் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர். பத்துக் கட்டத்தில் கிட்டத்தட்ட 860 மீட்டர் பிசகும்.
- தாளில் அச்சிட்ட காந்த விலகலைப் பயன்படுத்துவது. அது அளந்த ஆண்டுக்கு உரியது, காலப்போக்கில் மாறிவிட்டிருக்கும்.
- பழைய கிணற்றை நம்பித் தண்ணீர் குறைத்து எடுப்பது. தாளில் நீலப் புள்ளி இருக்கும். கிணறு தூர்ந்து, அதன் மேல் உண்ணிச்செடி படர்ந்திருக்கும்.
- பாதையை மட்டும் பொருத்துவது. பக்கத்து ஓடையும் முகடும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். அவை பொருந்தாமல் பாதை மட்டும் பொருந்தினால் அது தற்செயல்.

## பாதுகாப்பு

- நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை நல்ல காலம். தீக்காலத்தில் மலைப்பக்கம் போகாதீர்கள். மழை மாதங்களில் கானாறு அரை மணி நேரத்தில் பெருகும். மேலே இடி கேட்டால் கடக்காதீர்கள்.
- ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். விடியலில் புறப்பட்டு 11 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள்.
- மலையடி நிலங்களில் காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்கம்பி கட்டியிருப்பார்கள். முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி தெரிந்தால் தொடாமல், தாண்டாமல் திரும்புங்கள். நிலக்காரரிடம் கேட்காமல் வயலில் இறங்காதீர்கள். தரையில் கிடக்கும் உருண்டை எதையும் காலால் தட்டாதீர்கள், பன்றிக்கு வைக்கும் வெடியான அவுட்டுக்காயாக இருக்கலாம்.
- ஜவ்வாது மலையில் கரடி உண்டு. விடியலிலும் அந்தியிலும் பேசிக்கொண்டே நடங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லையில் யானை நடமாட்டம் உண்டு; அன்றைய நிலையைக் காவலரிடம் கேளுங்கள்.
- பாறை விளிம்பில் தேன்கூடு தெரிந்தால் புகை, வாசனைத் திரவியம், சத்தம் மூன்றும் வேண்டாம்.
- தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர். வழியும் திரும்பும் நேரமும் எழுதிய தாளை வீட்டில் கொடுங்கள். சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

## முதல் பயிற்சி: மலை ஏறாமல், மொட்டைமாடியில்

மலைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

1. 57 பி/1 தாளைச் சத்துவாச்சாரி மொட்டைமாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள்.
2. வடக்கே பாலாறு, தெற்கே மலை. இரண்டையும் வைத்து, திசைகாட்டி இல்லாமலே தாளைத் திருப்புங்கள். பிறகு திசைகாட்டியால் சரிபாருங்கள்.
3. எதிரே தெரியும் முகட்டில் ஐந்து மேடுகளை விரலால் எண்ணி, ஒவ்வொன்றையும் சம உயரக்கோட்டில் கண்டுபிடியுங்கள். மூன்றாவதில் குழம்புவீர்கள். எல்லோரும் குழம்புவார்கள், முன்னால் உள்ள மேடு பின்னால் உள்ளதை மறைப்பதால் வரும் குழப்பம் அது.
4. தாளில் மலை மேல் ஏறும் பாதைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘சுமை?’ என்று பென்சிலில் எழுதுங்கள்.
5. அன்று மாலை மலையடித் தெருவில் ஒரு பெரியவரிடம் போய், அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்றையாவது அழித்துவிட்டு வாருங்கள்.

ஒன்றை அழித்த பிறகு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். ஒன்றுகூட அழியவில்லை என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு தெருவில் கேளுங்கள்.